சிங்கள ‘அங்’கும் ஆங்கில ‘ஹோர்ன்’னும் ஒரே வேரா?

ஆம், ஒரே வேர்தான். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, கோட்டைக்குள் புள்ளிமான்கள் வழிமறித்து நிற்கும். ஆண்மானின் தலையில் நாம் காண்பது கொம்பு. பக்கத்தில் நிற்கும் சிங்களவருக்கு அது ‘அங்’. (மான்கொம்புக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு, அது வேறு கதை.) சமஸ்கிருத ‘சிருங்க’ பாளியில் ‘சிங்க’ ஆகி, சிங்களத்தில் தலையெழுத்தையும் இழந்தது.

லத்தீனில் ‘கோர்னு’. இம்மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியில் இருந்த பழைய ககர ஒலி லத்தீனில் நிலைத்தது, ஆங்கிலத்தில் ஹகரமானது, சமஸ்கிருதத்தில் சகரமானது. நம்பிக்கை வரவில்லையா? நூறைப் பாருங்கள்: ‘கெந்தும்’, ‘ஹண்ட்ரட்’, ‘சதம்’. நம் ரூபாயை நூறாக உடைத்தால் வரும் சதமும் அதுவே.

‘கொம்பு’ திராவிடச் சொல். ‘கோர்னு’வோடு முதலெழுத்து ஒத்துப்போவது தற்செயல், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது.