ஸ்டென்ட் வைத்த பிறகு யார் கண்காணிக்கிறார்கள்?

கேள்வி: அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட், சோதனைகளைத் தாண்டித்தானே விற்பனைக்கு வருகிறது? அப்புறமும் கண்காணிப்பு எதற்கு?

பதில்: ஆய்வுகளில் சேர்வது சில நூறு பேர், மிஞ்சினால் சில ஆயிரம் பேர். அவர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்கள், மிகச் சிக்கலான அடைப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார்கள். நடைமுறையில் அவர்களுக்கும் அதே ஸ்டென்ட்தான். ஆயிரத்தில் ஓரிருவருக்கு, அதுவும் இரண்டு வருடம் கழித்து வருகிற சிக்கல் ஆய்வில் தெரியாமலே போய்விடும். மருந்து பூசிய ஸ்டென்ட் விஷயத்தைப் பாருங்கள். வந்து சில வருடங்களில், 2006இல், ஸ்டென்ட்டுக்குள் தாமதமாக ரத்தம் உறைவதாகக் கவலை எழுந்தது. 2007இல், ஸ்டென்ட் வைத்தவர்களைத் தொடர்ந்து எழுதி வைக்கும் ஸ்வீடனின் தேசியப் பதிவேடும், ஆறு மாதங்களுக்குப் பிறகு, மருந்து பூசாத உலோக ஸ்டென்ட்டைவிட இதில் இறப்பு கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. இன்னும் நிறையப் பேரை நீண்ட காலம் கவனித்த பிறகு, 2009இல், அப்படி வேறுபாடு இல்லை என்று சொன்னதும் அதே பதிவேடுதான். தொடர்ந்து எழுதி வைக்காமல் பாதியில் விட்டிருந்தால் அந்தப் பயம் அப்படியே நின்றிருக்கும்.

கேள்வி: கரைந்துவிடும் ஸ்டென்ட் என்ன ஆனது?

பதில்: அப்சார்ப் என்ற ஸ்டென்ட்டுக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி தந்தது. உலோக ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் உறைவது அதிகம் என்று தெரியவந்தது. 2017இல் விற்பனை நின்றது.

கேள்வி: மருத்துவர்கள் புகார் அனுப்பினால் போதாதா?

பதில்: அவசியம் அனுப்ப வேண்டும், ஆனால் போதாது. பத்துப் புகார் வந்தால், அது நூறு பேரில் பத்தா, லட்சத்தில் பத்தா? புகாரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பதிவேட்டில் மொத்தக் கணக்கும் இருக்கும். ஸ்டென்ட் சிகிச்சைக்காகத் தொடையில் குழாய் நுழைத்த துளையை அடைக்கும் ஒரு சாதனத்தை அமெரிக்காவில் இப்படித்தான் சோதித்தார்கள். சுமார் 73,000 நோயாளிகளின் பதிவுகளைக் கணினி ஒப்பிட்டது. ரத்தக்குழாய்ச் சிக்கல் அதே வேலைக்கான மற்ற சாதனங்களில் 0.8 சதவீதம், இதில் 1.2 சதவீதம். எந்தத் தனி மருத்துவரின் கண்ணுக்கும் படாத வேறுபாடு அது. 2017இல் வெளியான அந்த ஆய்வை மருத்துவ நண்பர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நோயாளியாக நான் என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டென்ட்டின் பெயர், அளவு, தொகுதி எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி திரும்ப வந்தால் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், அந்த அட்டையோடு.