கேளுங்கள், சொல்கிறோம்: சீரியல் ப்ரொமோவும் சினிமா வித்தையும்

சென்ற இதழில் திரைப்பட டிரெய்லர்களைப் பற்றி நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, “அப்படியானால் எங்கள் வீட்டுச் சீரியலின் ப்ரொமோவுக்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று சேலம் மாவட்ட வாசகர்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். படத்தொகுப்பு மேசையில் சில ஆண்டுகள் உதவியாளனாக உட்கார்ந்தவன் என்ற உரிமையில், இந்த வாரம் அவற்றுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வந்த ப்ரொமோவில் மாமியார், “இனி இந்த வாசற்படியை மிதிக்காதே” என்கிறார்; அடுத்த கணம் மருமகள் கண் கலங்கி நிற்கிறாள். வாரம் முழுவதும் காத்திருந்து பார்த்தால், மாமியார் அதைச் சொன்னது ஒரு நிலத் தரகரிடம். மருமகள் அழுதது இரண்டு நாள் கழித்து, இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன்னால். இது பொய்தானே? – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: இரண்டு துண்டுகளும் உண்மை, அவற்றை ஒட்டிய இடம் பொய். சினிமாவின் மிகப் பழைய வித்தைகளில் இதுவும் ஒன்று. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், பொம்மையோடு விளையாடும் குழந்தையோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிகர் சூப்பை மறந்த யோசனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் எவ்வளவு நுட்பமாக வெளிப்படுத்துகிறார் என்று பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதிவைத்திருக்கிறார். முகம் மூன்று முறையும் ஒன்றேதான். உணர்ச்சியைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பார்வையாளர்கள். உங்கள் மருமகள் விஷயத்திலும் நடந்தது இதுதான்.

நெசவாளர்கள் நிறைந்த அம்மாப்பேட்டைக்காரருக்கு இழை அறுந்தால் முடிச்சுத் தெரியாமல் எப்படிப் பிணைப்பது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. படத்தொகுப்பாளர் முடிச்சை மறைப்பது ஒலியால். மாமியாரின் வசனம் முடியும் முன்பே படத்தை வெட்டிவிட்டு, “மிதிக்காதே” என்ற கடைசிச் சொல்லை மருமகளின் முகத்தின் மேல் ஓடவிடுவார்கள். ஒரே அறையில் ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார் என்று நம் காது சொல்லிவிடுவதால், கண் சந்தேகப்படுவதில்லை. முகத்தை மிக நெருக்கமான குளோசப்பாகத் தேர்ந்தெடுப்பதும் காரணத்தோடுதான்: பின்சுவர் தெரிந்தால் அது வேறு அறை என்று குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த முறை முகத்தைப் பார்க்காதீர்கள். தோளில் தெரியும் புடவையின் கரையையும், கன்னத்தில் விழும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். எதிரெதிரே நிற்பதாகக் காட்டப்படும் இருவரில் ஒருவருக்குக் காலை வெயிலும் மற்றவருக்கு இரவு விளக்கும் விழுந்தால், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

இந்த வகை ஒட்டுவேலையை நான் மன்னித்துவிடுவேன். வசனத்தின் பாதியை வெட்டுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. “உன் புருஷன் இறந்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது, நான் நம்பவில்லை” என்பது எழுதப்பட்ட வசனம் என்று வைத்துக்கொள்வோம். ப்ரொமோவில் “உன் புருஷன் இறந்துவிட்டான்” என்பதோடு நிறுத்தி, இடி இடிக்கவிட்டு, குங்குமச் சிமிழ் கீழே விழுவதைக் காட்டுவார்கள். முதலாவது கற்பனைக்குத் தூண்டில் போடுவது. இது எழுதியவரின் வாக்கியத்தையே திருடுவது.

கேள்வி: புதிய சீரியல் ஒன்றின் ப்ரொமோவுக்காக எங்கள் காபித் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்தார்கள். தொலைக்காட்சியில் வந்தது ஒரே நிமிடம். ஆனால் நிஜ சினிமா போலவே இருந்தது. சீரியல் தொடங்கி மாதங்கள் ஆகின்றன. கதை ஏற்காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்? – வாசகர், ஏற்காடு

பதில்: நீங்களே கணக்கைச் சொல்லிவிட்டீர்கள். ஒரு நாளில் ஒரு நிமிடம் எடுத்தால் அது சினிமாவின் வேகம். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் கதை வேண்டும். வாரத்துக்கு ஐந்தாறு நாள் அதைத் தந்தாக வேண்டிய சீரியல் குழு, இரண்டு மூன்று கேமராக்களை ஒரே கூடத்தில் நிறுத்தி நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்று முடித்தால்தான் கட்டுப்படியாகும். எனவே அறிமுக ப்ரொமோ தனிப் படப்பிடிப்பு. பல சமயம் ஒளிப்பதிவாளரும் தனி.

சினிமா போல் இருந்ததற்குக் எண்களில் சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. சினிமா விநாடிக்கு 24 சட்டகங்களில், அதாவது ஃபிரேம்களில், ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி 25. பழைய சீரியல் கேமராக்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு பாதிகளாகப் பிரித்து விநாடிக்கு 50 முறை பதிவு செய்ததால், அசைவு வழுவழுவென்று கல்யாண வீடியோ போல் இருந்தது. ப்ரொமோவை முழுச் சட்டகங்களாக 25-இல் எடுக்கும்போது சினிமாவின் அந்த லேசான அதிர்வு வந்துவிடுகிறது. கதாநாயகி கூந்தலைத் திருப்பும் காட்சியை விநாடிக்கு 100 சட்டகங்களில் எடுத்து 25-இல் ஓட்டினால், ஒரு விநாடி நான்காக நீள்கிறது. படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுவது அகன்ற திரையை நினைவூட்டத்தான். உண்மையில் அது படத்தின் பரப்பைக் குறைக்கிறது என்பது வேடிக்கை. மிச்சத்தை உங்கள் ஊர் இலவசமாகக் கொடுத்தது: இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் காரை ட்ரோனில் பின்தொடர்ந்தால் கதை எங்கோ போகிறது என்ற எண்ணம் தானாக எழும், சமவெளியில் வெள்ளைத் துணி கட்டி மட்டுப்படுத்த வேண்டிய வெயிலை, மலையில் மூடுபனியே வடிகட்டித் தந்துவிடும். கூடத்துக்குள் நடக்கப்போகும் கதைக்கு அந்தப் பனி எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

கேள்வி: கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டே சீரியல் பார்ப்பவள் நான். சீரியல் ஓடும்போதுகூடக் குனிந்த தலை நிமிராது. ப்ரொமோ வந்தால் மட்டும் நிமிர்ந்துவிடுகிறேன். என்ன மாயம்? – வாசகி, சிவதாபுரம்

பதில்: உங்களைப் போலக் கை வேலையாகவும் காது சும்மாவும் இருப்பவர்களை நினைத்துத்தான் ப்ரொமோவின் ஒலியை அமைக்கிறார்கள். இசை படிப்படியாக ஏறும். உச்சத்தில் சட்டென்று அறுந்து ஒரு நொடி நிசப்தம். அதில் ஒரு வசனம் தனியாக விழும். உங்கள் தலையை நிமிர்த்துவது வசனமல்ல, அதற்கு முந்தைய நிசப்தம். பேய்ப்படங்களின் ரீ-ரெக்கார்டிங்கிலிருந்து எடுத்துக்கொண்டது இது. ஒரு நாள் ஒலியை அடைத்துவிட்டு அதே ப்ரொமோவைப் பாருங்கள்: நான்கு பேர் மாறி மாறி முறைத்துக்கொள்வது மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் காலத்தில் இப்படியெல்லாம் ஆசை காட்டாமலே கூட்டம் வரவில்லையா? – மூத்த வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு, ஆனால் ஆசை காட்டல் அன்றும் இருந்தது. அந்த ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர். சுந்தரம் 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை வெளியிட்டபோது, வண்ணம் என்ற சொல்லே பாதி விளம்பரம். அதைவிட, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். கதைச்சுருக்கம் நாயகி ஆபத்தில் சிக்கும் இடம் வரை வந்து, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடியும். இன்றைய ப்ரொமோவின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. டிரெய்லராவது படத்துக்கு ஒரு முறை ஆசை காட்டினால் போதும். ப்ரொமோ வாரந்தோறும் காட்ட வேண்டும் என்பதால், அது சினிமாவிடம் கடன் வாங்கியது பாதி, பத்திரிகைத் தொடர்கதையின் ‘தொடரும்’ என்பதிடம் வாங்கியது பாதி. எங்கள் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: யூடியூபில் ப்ரொமோக்களை மட்டும் பார்த்தே கதையைப் புரிந்துகொள்கிறேன். சீரியலைப் பார்க்கத்தான் வேண்டுமா? – கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: கட்டாயமில்லை, ஆனால் முதல் கேள்வியைக் கேட்ட அம்மாப்பேட்டை வாசகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் புரிந்துகொண்ட கதையில் அந்த மருமகள் இந்நேரம் வீட்டை விட்டு வெளியேறியிருப்பாள்.