ஊர்க் குழுவை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குழு ஒன்பது வருடமாக ஒரு சமூகத் தளத்தில் இருக்கிறது. இப்போது மரண அறிவித்தல் போட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. நல்லடக்கம் முடிந்த பிறகுதான் "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார்கள். டெலிகிராமுக்கு மாறலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: இத்தகைய தளங்கள் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. யார் எதைத் தொடுவார் என்று கணித்தே அடுக்குகின்றன. சிரிப்புக் காணொளி மேலே ஏறும். மரண அறிவித்தல் இரண்டு நாள் கழித்துக் கண்ணில் படும். அவசரச் செய்தியை அங்கே நம்பியிருக்க வேண்டாம்.

டெலிகிராம் குழுவில் 200,000 பேர் வரை சேரலாம், வட்ஸ்அப் குழுவில் 1,024 பேர். இரண்டிலும் செய்தி வந்த வரிசையில் நிற்கும். ஆனால் வட்ஸ்அப்பில் இருக்கும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாத பூட்டு) டெலிகிராம் குழுக்களுக்குக் கிடையாது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் படங்களை அங்கே போடாதீர்கள்.

டெலிகிராமும் இன்னொருவர் வளவுதான். யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்களும் படங்களும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. அடுத்த டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. இலங்கையில் சமூகத் தளங்களுக்கு அரசாங்கத் தடையும் வந்ததுண்டு: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். முதலாவது தடை, அம்பாறையில் தொடங்கிக் கண்டியில் பெருத்த வன்முறையை ஒட்டி வந்தது. ஆகவே வட்டாரத்துக்கு ஒருவரைப் பிடித்து, வீடுவீடாகக் கைத்தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு இணையம் வேண்டியதில்லை.

பழைய குழுவைக் கோபத்தில் மூடிவிடாதீர்கள். மூன்று மாதம் இரண்டையும் நடத்துங்கள். அறிவித்தல் முதலில் புதிய இடத்தில், பிறகு பழையதில் இணைப்பு மட்டும். இரண்டிலும் முழுச் செய்தியைப் போட்டால் எவரும் இடம் மாறமாட்டார்.

கேள்வி: பேஸ்புக் குழுவிலுள்ள பழைய கூத்துப் படங்களையும் சடங்குக் காணொளிகளையும் மொத்தமாக இறக்க முடியுமா?
– வாசகி, காரைதீவு

பதில்: மொத்தமாக முடியாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். உங்கள் தகவலை இறக்கும் வசதி உங்கள் பதிவுகளை மட்டுமே தரும், நீங்கள் அட்மினாக இருந்தாலும். படம் போட்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். அதிகம் போட்ட இருபது பேரைப் பிடித்தாலே பெரும்பகுதி வந்துவிடும்.

அமைப்புகளில் கணக்கு மையத்துக்குள் அந்த வசதி இருக்கிறது. கால அளவை "எல்லாக் காலமும்" என மாற்றுங்கள். படத் தரம் உயர்வாக இருக்கட்டும். வடிவம் எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து பார்ப்பது) ஆகவே இருக்க வேண்டும். ஜேசன் (நிரல்கள் படிக்கும் வடிவம்) எடுத்தால் தமிழ் குலைந்து வரும்: 'க' என்ற ஓர் எழுத்து மூன்று அந்நியக் குறிகளாக உடைந்து கிடக்கும். திருத்தலாம், ஆனால் அது நிரல் எழுதத் தெரிந்தவர் வேலை.

கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கை நேரலையில் போடுகிறவர்கள் கவனியுங்கள்: 2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக் நேரலைகள் 30 நாளில் தானாக அழிந்துவிடும். அதற்குள் இறக்கிவிடுங்கள்.

வட்ஸ்அப் உரையாடலைப் படங்களோடு ஏற்றுமதி செய்தால் கடைசி 10,000 செய்திகள் வரும், படமின்றி 40,000. "மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை" போடப்பட்டிருந்தால் ஏற்றுமதியே நடக்காது. முதலில் அதை நிறுத்துங்கள். பழைய படங்களைப் பகிரும்போது 'ஆவணம்' ஆக அனுப்பினால்தான் அசல் தரம் மிஞ்சும். படத்தில் நிற்பவர்களின் பெயர், வருடம், கூத்து வடமோடி வகையா தென்மோடி வகையா என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பெயரறிந்த அண்ணாவிமார் (கூத்துப் பழக்குபவர்கள்) இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. சேர்த்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். பழைய திருவிழா மலர்கள் கிடைத்தால் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேமிக்கும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு ஒரே அட்மின். அவர் கட்டாருக்குப் போகிறார். பரவாயில்லையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போகுமுன் இன்னும் இருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீண்டநாள் ரீலோட் செய்யாத சிம் துண்டிக்கப்பட்டு, இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். அதன் பிறகு கணக்கை மீட்கும் குறியீடு அந்த அந்நியருக்கே வரும். எனவே இருபடிச் சரிபார்ப்பை (நுழையும்போது இரண்டாவது சான்றையும் கேட்கும் பூட்டு) போட்டு, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, மூவரில் ஊரிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.