ஒன்பதாவது சிம்பொனிக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகியவன் நான். மேற்கத்திய செவ்வியல் இசையையும் ரசிக்க ஆசைப்பட்டு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் பிடி கிடைக்கவில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

அந்த சிம்பொனி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எல்லோரும் முணுமுணுக்கும் மெட்டு கடைசி மூவ்மென்டில், அதாவது கடைசிப் பகுதியில்தான் வரும். ஆனால் சிக்கல் நீளத்தில் மட்டும் இல்லை. கச்சேரியில் தம்புரா பிடித்த சுருதி முடியும்வரை மாறாது. உங்கள் காது அதில் ஊன்றி நிற்கிறது. சிம்பொனியிலோ ஆதார சுருதியே இடம்விட்டு இடம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சுருதி அதிகம் நகராத படைப்புகளை முதலில் எடுங்கள்.

என் முதல் தேர்வு மோரிஸ் ராவேல் 1928இல் எழுதிய பொலேரோ. சுமார் 15 நிமிடம். ஸ்நேர் டிரம் என்ற சிறு முரசில் ஒரே தாளக்கட்டு விடாமல் ஓட, இரண்டு நீண்ட மெட்டுகள் திரும்பத் திரும்ப வரும். முதலில் புல்லாங்குழல், அடுத்து கிளாரினெட், பிறகு பசூன் என்ற கனத்த குரல் குழல் என்று வாத்தியம்தான் மாறும். முதல் மெட்டு சங்கராபரண ஸ்வரங்களில் நடக்கும், இரண்டாவதில் அந்நிய ஸ்வரங்கள் கலக்கும். முடிவை நெருங்கும்போது சுருதி திடீரென்று அந்தர காந்தாரத்துக்கு (மேல் 'க'வுக்கு) தாவி, சில நொடிகளில் திரும்பிவிடும். இந்த ஒரு தாவலைக் காது பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பொலேரோ மிக மெல்லத் தொடங்கி உரக்க முடியும். இங்கே பலர் செய்யும் தவறு, ஆரம்பம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவது. கடைசி நிமிடத்தை முதலில் ஓடவிட்டு, அது தாங்கும் அளவில் ஒலியை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். செல்லோ, டபுள் பாஸ் எழுப்பும் அடித்தளம் அதில் காணாமல் போகும். சாதாரண இயர்ஃபோனே போதும்.

வாத்தியங்களை இனம் பிரித்தறிய பெஞ்சமின் பிரிட்டன் 1945இல் எழுதிய 'இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா அறிமுகம்' இருக்கிறது. 17 நிமிடம், பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் ஒரு மெட்டை ஒவ்வொரு வாத்தியமாக எடுத்துக் காட்டும். விவால்டியின் 'வசந்தம்' 10 நிமிடம்தான். அதன் நடு மூவ்மென்டில் வயலின் தூங்கும் ஆட்டிடையன், வயோலா குரைக்கும் நாய்.

இவை பழகியபின் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு வாருங்கள். அதன் படைப்பு எண்ணான ஓபஸ் 67 என்று தேடினால் முழுப் பதிவு கிடைக்கும். 'மனஅமைதி' தொகுப்புகளில் இருப்பவை பெரும்பாலும் துண்டுகள். செயலியில் ஷஃபிளையும் (வரிசை கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பதிவின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைத்துவிடுங்கள். முதல் மூவ்மென்டை மட்டும், ஏழெட்டு நிமிடம்தான், மூன்று நாள் கேளுங்கள். பிறகு மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக் கேளுங்கள், இடையில் இடைவெளியே கிடையாது. டிம்பனி என்ற பெரிய முரசு மெல்லத் துடித்துக்கொண்டிருக்க, இசை வளர்ந்து வெடிக்கும். ஷட்ஜம் அதேதான், சாதாரண காந்தாரம் (கீழ் 'க') இருந்த இடத்தில் இப்போது அந்தர காந்தாரம் ஒலிக்கும்.