அணைந்த பிறகு ஏறும் தண்ணீர்: வகுப்பறை அறிவியல் கேள்வி – பதில்

கேள்வி: தட்டுத் தண்ணீரில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரால் மூடிக் காட்டினேன். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புவதால் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று விளக்கினேன். ‘அணைஞ்ச பிறகுதானே டீச்சர் வேகமா ஏறுது?’ என்று ஒரு மாணவி கேட்கிறாள். என்ன சொல்வது?
– 5ஆம் வகுப்பு ஆசிரியை, தேனி

பதில்: அவள் பார்த்ததுதான் சரி. வழிவழியாக வரும் அந்த விளக்கத்தில்தான் பிழை. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. விளிம்போரம் குமிழி வருவதைக் கவனித்தால் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாக ஓரளவு கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது.

இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து பார்க்க விடுங்கள். தட்டில் 1 செ.மீ. ஆழத்துக்கு நிறம் கலந்த தண்ணீர், 4 செ.மீ. உயர மெழுகுவர்த்தித் துண்டுகள் போதும். முதலில் ஒரு துண்டு, பிறகு அதே டம்ளரில் மூன்று. எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆக்சிஜன்தான் காரணமென்றால் இரண்டு முறையும் ஒரே உயரம் வரவேண்டும். மூன்றுக்கு அதிகமாக ஏறும். டம்ளரை ஒவ்வொரு முறையும் ஆறவைத்து, ஒரே வேகத்தில் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறி, குழந்தைகள் குழம்புவார்கள்.

அடுத்து, தீயே இல்லாமல்: பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். அதிலும் தண்ணீர் ஏறும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: அலமாரிக்குள் வைத்த பச்சைப்பயறு, ஜன்னலோரம் வைத்ததைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. ‘செடிக்கு வெயில் வேண்டாம்’ என்கிறார்கள் பிள்ளைகள்.
– 4ஆம் வகுப்பு ஆசிரியர், அரியலூர்

பதில்: உயரத்தை மட்டும் அளந்ததால் வந்த முடிவு அது. முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. விதையிலையில் சேமித்த உணவே போதும். இருட்டில் தண்டு வெளிச்சம் தேடி நீளும். வெளுத்த நிறம், மெலிந்த தண்டு, விரியாத இலை ஆகியவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். சோதனையை ஐந்தாம் நாளில் முடிக்காமல் இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். சேமிப்பு தீர்ந்ததும் இருட்டுச் செடி சாய்ந்துவிடும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் பயறு அழுகிப் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஒரு பேட்டரியில் எல்இடி எரியவே மாட்டேன் என்கிறது.
– பெற்றோர், சேலம்

பதில்: சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், ஒரு செல்லில் இருப்பது 1.5. இரண்டு செல்களைத் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து, மின்னோட்டத்தைக் குறைக்கும் 100 ஓம் மின்தடை ஒன்றையும் சேருங்கள். நீளமான கால் நேர்முனைக்குப் போகவேண்டும். மின்தடை இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் வைத்தால் எல்இடி அப்போதே போய்விடும். பட்டன் செல் மட்டும் வேண்டவே வேண்டாம்: சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: மஞ்சள் தடவிய தாளில் ஷாம்பு பட்டும் சிவக்கவில்லை. மஞ்சள் கலப்படமா?
– 5ஆம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: மஞ்சளைச் சந்தேகிக்க வேண்டாம். காரம் (அமிலத்துக்கு எதிர்க் குணமுள்ள பொருள்) பட்டால்தான் மஞ்சள் சிவக்கும்; பல ஷாம்புகளில் அது இருப்பதில்லை. துணி துவைக்கும் கட்டி சோப்பைக் கரைத்து வைத்துப் பார். எலுமிச்சைச் சாறு பட்டாலும் மஞ்சள் தாள் மாறாது. அமிலம் தெரிய, ஐந்து செம்பருத்தி இதழை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்த சாறு எடு; எலுமிச்சை விட்டால் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும்.