அத்தைக்குப் போகும் மாதம் 4,000 ரூபாய்: லாபமா, கடனா?

கேள்வி: மும்பை முலுண்டில் இருக்கிறேன். வயது 37. லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபாய். மூன்று வருடமாக கிரிப்டோவில் பணம் போடுகிறேன். நான் லாபம் பார்த்ததைக் கேள்விப்பட்டு, கோவில்பட்டியில் இருக்கும் அத்தை 2 லட்சமும், கல்யாணில் இருக்கும் மச்சினன் 3 லட்சமும் என் அக்கவுண்டுக்கு அனுப்பினார்கள். மாதம் 2 சதவீதம் தருவதாகச் சொல்லி, 14 மாதமாகத் தவறாமல் கொடுத்துவருகிறேன். மார்க்கெட் விழுந்ததால் 16 சதவீத வட்டியில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, பாதியை அவர்களுக்கு மாதாமாதம் கொடுத்தேன், மீதியில் ஷிபா இனு காயினை இறங்கிய விலையில் இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் செய்தேன். என் சேமிப்பு 1.4 லட்சத்தையும் சேர்த்து 8 லட்சம் போட்டது இன்று 4.6 லட்சமாக நிற்கிறது. அதில் பிட்காயின் 2.4 லட்சம் (வாங்கியது 2 லட்சத்துக்கு). லோன் பணம் தீர்ந்துவிட்டது. மனைவியின் நகையை வைத்து இன்னும் 3 லட்சம் ஆவரேஜ் செய்யலாமா? பாதுகாப்புக்கு ஹார்ட்வேர் வாலெட் (காயினின் சாவியை இணையத்தோடு சேராமல் தனியே வைக்கும் சின்னக் கருவி) வாங்கலாமா? மச்சினன் கேட்டதால் காயின்களை வைத்திருக்கும் என் மொபைல் வாலெட்டைத் திறக்கும் 12 ரகசிய வார்த்தைகளை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அத்தையின் பக்கத்து வீட்டுக்காரரும் 1.5 லட்சம் தருகிறேன் என்கிறார்.

பதில்: கிரிப்டோ ஏறும், இறங்கும் என்பதெல்லாம் மூன்று வருடமாக அதில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாலெட் கேள்விக்கும் கடைசியில்தான் வருவேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காயின் விலை இல்லை, அத்தைக்கும் மச்சினனுக்கும் ஒன்றாம் தேதி போகிற 10,000 ரூபாய். அதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். 5 லட்சத்துக்கு மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக மொத்தம் 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. நீங்கள் அத்தைக்குக் கொடுத்ததும் கழியாது, பர்சனல் லோன் வட்டியும் கழியாது. ஆகவே கையில் 10,000 மிஞ்ச வேண்டுமானால் ஏறக்குறைய 14,500 ரூபாய் லாபம் பார்த்து விற்றிருக்க வேண்டும். 5 லட்சத்துக்கு அது மாதம் 2.9 சதவீதம், வருடத்துக்குச் சுமார் 35. ஒரு மாதம்கூடத் தவறாமல். இதை எந்த மியூச்சுவல் ஃபண்டு மேனேஜரும் எழுதிக் கொடுக்க மாட்டார். நீங்கள் சொந்த அத்தைக்கு வாயால் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

சரி, லாபம் வராத மாதங்களில் என்ன செய்தீர்கள்? 16 சதவீதத்துக்குக் கடன் வாங்கி, அதை லாபம் என்று பெயர் போட்டு அனுப்பினீர்கள். 14 மாதத்தில் 1,40,000 ரூபாய். அத்தை அதைப் பார்த்து, "நம்ம பையன் பெரிய கெட்டிக்காரன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இன்று அந்த வீட்டுக்காரர் 1.5 லட்சத்தோடு நிற்கிறார். புதிதாக வரும் பணத்தில் பழையவர்களுக்கு லாபம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு உங்களுக்கே பெயர் தெரியும். உங்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நான் நம்புகிறேன், ஆனால் கணக்குப் புத்தகத்தில் எண்ணத்துக்குப் பத்தி கிடையாது. உறவினரிடம் தனிநபர் வாங்கும் கடன் ஒரு விஷயம். ஊராரிடம் குறிப்பிட்ட வருமானம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டத் தொடங்கினால், ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதில் சிறைத் தண்டனையும் இருக்கிறது. அவருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது ஆவரேஜ். நகையை வைத்து 3 லட்சம், 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் வட்டி மட்டும் மாதம் 3,000. பர்சனல் லோன் இஎம்ஐ 10,500-க்குக் கொஞ்சம் மேல். உறவுக்கு 10,000. சம்பளத்தில் கால் பங்கு கிரிப்டோவின் பெயரால் ஒன்றாம் தேதியே கரைகிறது. இதெல்லாம் எதற்கு? ஷிபா இனு ஒரு ரூபாய் ஆகும் என்ற நம்பிக்கைக்கு. நீங்கள் அப்படி வெளிப்படையாக எழுதவில்லைதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் அதை வைத்திருக்கும் பலரும் மனதுக்குள் குறித்துவைத்திருக்கும் விலை அந்த ஒரு ரூபாய்தான். புழக்கத்தில் இருக்கும் ஷிபா இனு சுமார் 589 லட்சம் கோடி. ஒன்றின் விலை ஒரு ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். இந்தியாவின் ஓராண்டு ஜிடிபி 2024-25-ல் சுமார் 330 லட்சம் கோடி. நாயின் படம் போட்ட ஒரு காயின் நம் நாட்டு ஜிடிபியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு ஆக வேண்டும். "பைசாக் கணக்கில் கிடைக்கிறது, மலிவு" என்று சொல்லும்போது எத்தனை காயின் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பிட்காயின் லட்சக்கணக்கில் விற்பதற்கு அது 2.1 கோடிக்கு மேல் வராது என்பதும் ஒரு காரணம். அதனால் பிட்காயின் நல்லது, ஷிபா கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பிட்காயினே 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே போன சரக்குதான். சொந்தப் பணம் போட்டுக் காத்திருந்தவர்கள் அதற்கப்புறம் ஒரு லட்சம் டாலரையும் பார்த்தார்கள். கடன் வாங்கிப் போட்டவர்களுக்கு அந்த ஒரு வருடத்திலேயே 12 இஎம்ஐ வந்துபோயிருக்கும். 2022 மே மாதம் லூனா காயின் 80 டாலரில் இருந்து சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. அதிலும் வழி நெடுகிலும் ஆவரேஜ் செய்தவர்கள் இருந்தார்கள்.

நகையைத் தொடாதீர்கள். உங்கள் மனைவிக்கு இந்தக் கதை எவ்வளவு தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. மச்சினன் அவருடைய தம்பி. அவர் வாயிலாக வருவதற்குள் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இனி என்ன செய்யலாம்? 4.6 லட்சத்தையும் விற்கச் சொல்கிறேன், பிட்காயின் உள்பட. கசப்பாக இருக்கும், தெரியும். பிட்காயினில் லாபம் 40,000, வரி 12,480. மற்ற காயின்களில் 6 லட்சம் போட்டு 2.2 லட்சம் ஆன நஷ்டம் இருக்கிறதே, அதை இதில் கழிக்கலாமே என்று கேட்பீர்கள். கழிக்க முடியாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூட நேர்செய்ய விடுவதில்லை, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது. இதைச் சொல்லும்போது ஒரு விஷயம். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) ஸ்டேட்மென்டில், போன நிதியாண்டில் ஒரு காயினில் 60,000 லாபமும் இன்னொன்றில் 90,000 நஷ்டமும் இருக்கிறது. "மொத்தத்தில் நஷ்டம்தானே" என்று ரிட்டர்னில் காட்டாமல் விட்டதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அந்த 60,000-க்கு 18,720 வரி உண்டு. எக்ஸ்சேஞ்ச் பிடித்த 1 சதவீத டிடிஎஸ் அதில் கழியும், ஆனால் அதே டிடிஎஸ்தான் உங்கள் பான் எண்ணில் ஏறி, நீங்கள் விற்றதை வருமான வரித் துறைக்குச் சொல்லியும்விட்டது. நோட்டீஸ் வருவதற்குள் ஆடிட்டரைப் பார்த்து ரிட்டர்னைத் திருத்துங்கள். அத்தை பணத்தில் வந்த லாபமாக இருந்தாலும் காயின் உங்கள் பெயரில் இருப்பதால் வரியும் உங்கள் தலையில்தான். "பாதி மச்சினனுடையது" என்று துறையிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆக, 4.6 லட்சத்தில் இரண்டு வரியும் போக ஏறக்குறைய 4.3 லட்சம் மிஞ்சும். 14 மாதமாகக் கொடுத்ததை அசலில் கழித்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு 56,000 போயிருக்கிறது, பாக்கி 1,44,000. மச்சினனுக்கு 84,000, பாக்கி 2,16,000. இரண்டும் சேர்த்து 3.6 லட்சம். முதலில் அத்தை. அவர் எக்ஸ்சேஞ்சை நம்பிப் பணம் அனுப்பவில்லை, உங்களை நம்பி அனுப்பினார். மச்சினன் தினமும் ஆப்பைத் திறந்து பார்க்கிற ஆள், ரிஸ்க் தெரிந்து வந்தவர், அவர் ஒரு மாதம் பொறுக்கலாம். மீதி ஏறக்குறைய 70,000-ஐ பர்சனல் லோனில் கட்டுங்கள். பகுதிப் பணம் கட்ட அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று பேங்கில் முதலில் கேளுங்கள். இன்று பாக்கி சுமார் 2 லட்சம் இருக்கும், அது 1.3 லட்சமாகும். அதே இஎம்ஐ-யில் 22 மாதம் என்பது 14 மாதத்தில் முடியும். உங்கள் 1.4 லட்சம் சேமிப்பு போனது போனதுதான்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று திணறுவீர்கள். நேரடியாகவே சொல்லுங்கள்: "அத்தை, மாசாமாசம் நான் அனுப்பினது லாபம் இல்ல. லோன் போட்டுக் கொடுத்தேன். உங்க 2 லட்சத்துல அதைக் கழிச்சு பாக்கியை அனுப்பிட்டேன்." திட்டுவார். "அப்போ என் வட்டி?" என்றும் கேட்கலாம். போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டியைத் தீபாவளிக்குள் தருகிறேன் என்று சொல்லி, அதை மட்டும் கொடுங்கள். 2 சதவீதப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள்.

பணத்தை பேங்க் வழியாகவே திருப்புங்கள். மச்சினன் ரொக்கமாகக் கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகத் திருப்பினால் அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காயினை விற்பதும் எக்ஸ்சேஞ்சிலேயே நடக்கட்டும். டெலிகிராமில் யுஎஸ்டிடி (டாலர் விலையை ஒட்டியே நிற்கும் காயின்) வாங்கிக்கொள்கிறேன், டிடிஎஸ் கிடையாது, ஒரு ரூபாய் அதிகமாகத் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் அனுப்பும் பணம் யாரோ ஒருவரிடம் ஆன்லைனில் ஏமாற்றியதாக இருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் உங்கள் அக்கவுண்டை முடக்கிவிடும். சம்பளம் வருவதும் அதே அக்கவுண்டில்தானே? அப்புறம் வாடகைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

வாலெட்டுக்கு வருகிறேன். அந்த 12 வார்த்தைதான் வாலெட். உங்கள் போனில் போடும் பின் நம்பர் உங்கள் போனை மட்டும்தான் பூட்டும். வார்த்தைகள் கையில் இருக்கிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் காயினை எடுத்துக்கொள்ளலாம், புகார் கொடுத்து நிறுத்த கஸ்டமர் கேர் கிடையாது. உங்கள் மச்சினன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் போட்டோ இப்போது உங்கள் கேலரியில், அவர் கேலரியில், இரண்டு பேரின் பேக்கப்பில் இருக்கிறது. அவர் போனை ரிப்பேர் கடையில் கொடுத்தால் அங்கேயும் இருக்கும். போட்டோவை டிலீட் செய்வதில் பயனில்லை. அந்த வார்த்தைகளை மாற்றவும் முடியாது. இன்று ராத்திரியே அதில் இருப்பதை எக்ஸ்சேஞ்சில் உள்ள உங்கள் சொந்த அக்கவுண்டுக்கு மாற்றிவிடுங்கள். முதலில் சின்னத் தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததா பாருங்கள். எந்த நெட்வொர்க்கில், அதாவது எந்த பிளாக்செயின் வழியாக அனுப்புகிறீர்களோ அதே நெட்வொர்க்கை எக்ஸ்சேஞ்ச் ஏற்கிறதா என்றும், முகவரியின் முதல் நாலு எழுத்தோடு நிறுத்தாமல் முழுசாகவும் சரிபாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் மட்டும் பத்திரமா என்றால், நீண்ட நாளைக்கு இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோய், வாடிக்கையாளர்கள் தங்கள் காயினை எடுக்க ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். ஆனால் உங்களுக்கு அது விற்று முடிக்கும் வரை சில நாள் தங்குமிடம், அவ்வளவுதான். விற்றதும் பணத்தை பேங்குக்கு எடுத்துவிடுங்கள்.

ஹார்ட்வேர் வாலெட் நல்ல பொருள்தான். நிறைய காயினை வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிறவர்கள், தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக வாங்கி, வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, மனைவியிடம் இடத்தைச் சொல்லிவைக்க வேண்டும். உங்களுக்கு அதில் வைக்க இப்போது ஒன்றும் இருக்காது. அதற்கு ஒதுக்கிய சில ஆயிரத்தை லோனில் கட்டுங்கள்.