ஷெட்டைக் காலி செய்யும் முன்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். 1971 போர் நடந்தபோது பணியில் இருந்தார். ஓய்வு பெற்று வந்தபின் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பழைய கார்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கடைசியாக எடுத்த 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பாதியில் பிரித்துக் கிடக்கிறது. அவர் மறைந்து பத்து மாதம் ஆகிறது. எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. முதலாண்டு நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும். ‘நல்ல மனிதர், நாட்டுக்கு உழைத்தவர்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அவர் நோட்டுகளில் நட்டு, போல்ட்டுக் கணக்குதான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, கோவை

அன்புள்ள சகோதரி,

அந்த நட்டு, போல்ட்டுக் கணக்கில்தான் உங்கள் அப்பா இருக்கிறார். ராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவேடு உண்டு. எந்தத் தேதியில் எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம் என்று எழுதாமல் அங்கே வேலை முடிந்ததாகக் கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தேதியோடு எடுத்து வையுங்கள். எத்தனை வண்டிகள், யாருடையவை, எந்தப் பாகத்துக்காக எத்தனை மாதம் காத்திருந்தார், எந்த வேலையைப் பிடிக்காமல் மறுபடியும் செய்தார் என்று பாருங்கள். பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ வாங்கியதாகக் குறிப்பு இருந்தால் அதையும் விடாதீர்கள். மலருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ராணுவ வாழ்க்கைக்கு அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பதவி, தொழிற்பிரிவு எல்லாம் அதில் இருக்கும். பதக்கங்கள் இருந்தால் அவையும் பேசும். 1971 போருக்காகக் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பச்சிமி ஸ்டார் என இரண்டு தனித்தனியாக வழங்கப்பட்டன. சங்கிராம் மெடல் இன்னும் பரவலாக வழங்கப்பட்டது. பெட்டியில் எந்த ஸ்டார் இருக்கிறது என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று தெரிந்துவிடும். புத்தகம் கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். ஈ.எம்.ஈ. ஆவணக் காப்பகம் செகந்திராபாத்தில் இருக்கிறது. கடிதத்தில் அவருடைய ராணுவ எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அக்டோபர் 15 அந்தப் பிரிவு தொடங்கிய நாள். 1943 முதல் கணக்கு. ஓய்வு பெற்றவர்கள் அன்று பல ஊர்களில் கூடுவதுண்டு. அவரோடு வேலை பார்த்த ஒருவராவது அகப்படலாம்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் வாய் திறந்து சொல்லாத போர்க்களத்தை நீங்கள் கற்பனை செய்து எழுத வேண்டாம். குண்டு மழைக்கு நடுவே என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லா நினைவு மலர்களிலும் வந்துவிட்டன. பழுதான வண்டியை இழுத்துவந்து, கிடைத்ததை வைத்து மறுபடி ஓடவைப்பது ஈ.எம்.ஈ.யின் அன்றாட வேலை. அதைச் சொன்னாலே போதும், பின்னால் வந்த ஷெட்டுக்கும் காரணம் புரியும்.

இனி கார். பிரித்துக் கிடப்பதைப் பார்த்துத் தம்பி அதைப் பழைய இரும்பு என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஹெரால்டின் அமைப்பே அதுதான். 1961 முதல் சென்னையில் தயாரான அந்த வண்டிக்குச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி; உடல் பகுதிகள் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு அதன்மேல் பூட்டப்பட்டவை. முறையாகப் புதுப்பிப்பவர் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆரம்பிப்பார். உங்களுடையது நான்கு கதவு வண்டியா என்று பாருங்கள். பிரிட்டனின் ட்ரயம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது; அதை நான்கு கதவோடு செய்தது இந்தியாவில் மட்டும்தான்.

ஆகவே எதையும் நகர்த்தும் முன் எல்லாவற்றையும் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். டப்பாக்களில் இருக்கும் போல்ட்டுகளை ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். எந்த டப்பா எந்தக் கதவுக்கு என்று தெரிகிறவரை அது புதுப்பிக்கக்கூடிய கார். கலந்துவிட்டால் தம்பி சொல்வது உண்மையாகிவிடும், எடைக்குத்தான் போகும். அப்பாவுக்கு டிங்கர் வேலை, லேத் வேலை செய்துகொடுத்தவர்கள் இருப்பார்களே, அவர்களில் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். நோட்டில் புரியாததை அவர் படித்துச் சொல்வார். அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டிராத கதைகளும் அவரிடம் இருக்கும்.

காரை முடித்தே தீர வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. விற்பதில் தவறேதும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் நோட்டு, டப்பாக்கள், வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) எல்லாவற்றோடும், முடிக்கக்கூடிய ஒருவருக்கு விற்கவேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு இந்த வாரமே போய்ப் பேசுங்கள். 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. அவற்றின்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய, சேஸிஸ், உடல், இன்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். வாங்க வருகிறவர் வேறு இன்ஜின் வைக்கப்போகிறேன் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

தம்பியோடு வாதாட வேண்டாம். அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். பிறகு ஷெட்டுக்கு இரண்டு வாரத் தவணை மட்டும் கேளுங்கள். படம் எடுக்கவும், நோட்டைப் படிக்கவும், லேத்காரரைப் பார்க்கவும் அது போதும்.